அம்பாசிடர் இன்ஜின் போட்ட படகு

ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், நம் பள்ளிக்கூடத்து வாட்சப் குழுவில் ஏரிப் படம் வர ஆரம்பித்துவிடும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கலங்கலில் உபரித் தண்ணீர் எப்போது வழியும், கரைமேல் நின்று செல்ஃபி எடுத்தது யார் என்று விடியும்போதே அமர்க்களப்படுத்துவீர்கள். நான் மட்டும் ஒரு பதிலும் போடுவதில்லை. 'இவளுக்குப் பெரிய மனுஷி என்று நினைப்பு' என்று உங்களில் ஒருத்தி எழுதியதையும் பார்த்தேன். கோபமில்லை. நரைக்குச் சாயம் பூசுகிற வயதுக்கு எல்லோருமே வந்துவிட்டோம், இனிமேலாவது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. எங்கள் அப்பா கார் இன்ஜினைக் கழற்றிப் படகில் வைத்த கதையில் பாதி உங்களுக்கே தெரியும். வேடிக்கை பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள்தானே நீங்கள். மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன்.

நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு நம் ஊரில் ஆளுக்கு ஒன்று செய்தார்கள். சிலர் மாடியில் தகரம் போட்டு ரூம் கட்டி, வேலைக்கு வந்த தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். சிலர் கார் வாங்கிக் கம்பெனிக்கு ஓட்டப் போனார்கள். அப்பாவுக்கு எதிலும் ஒன்றோடு நிற்கத் தெரியாது, இரண்டையும் செய்தார். வாசலில் நின்ற அந்தப் பழைய டீசல் அம்பாசிடரின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வெயிலில் காய்ந்த ரெக்சின், டீசல், முன்கண்ணாடிக்குக் கீழே அவர் கொளுத்தி வைக்கும் ஊதுவத்தி, மூன்றும் கலந்த வாசனை. என் அண்ணன் வண்டி ஓட்டக் கற்றது அதில்தான்.

அண்ணன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் இருந்தான். நீலச் சட்டை, நீலப் பேன்ட், முனையில் இரும்பு வைத்த ஷூ. அந்த ஷூவைக் கழற்றி வாசலில் போட்டான் என்றால் தெருவே அவன் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்ளும். அந்த ஆவணியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணி வாலாஜாபாத்துக்காரி. எங்கள் வீட்டுக்கு வந்து தலைதீபாவளிகூட முடிந்திருக்கவில்லை. ஆறாவது படித்த எனக்குத் தலை பின்னிவிட ஆள் கிடைத்ததில் அண்ணனைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். பின்னும்போது அவள் வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே பேசுவாள். பாதி புரியாது. நான் எல்லாவற்றுக்கும் உம் கொட்டுவேன்.

அந்த வருஷம் பிடித்த மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரை ஊறிப்போய், எங்கே உடையுமோ என்று ஊரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதகைத் திறப்பதும் மூடுவதும் முன்பிருந்தே எங்கள் வீட்டு வேலை. வயல் போன பிறகு அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. ஆனாலும் பயம் வந்தால் எல்லோரும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அன்று காலையிலும் நின்றார்கள். அப்பா போய் மதகைத் திறந்துவிட்டு வந்து, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே காபி குடித்தார்.

அன்றைக்குத்தான் அண்ணன் மதியம் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பினான். தார் ரோட்டில் தண்ணீர் ஓடியதால் ஏரிக்கரைமேல் வந்திருக்கிறான். கரை சரிந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் வந்து பைக்கைத் தூக்கினார்கள். அண்ணன் கிடைக்கவில்லை.

அவர்களில் பெரியவராக இருந்தவர் அப்பாவைத்தான் கேட்டார். ஏரியைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமாமே, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்றார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு கலங்கல் இருக்கும் திசையில் கையைக் காட்டினார்.

"இப்டித்தான் சார் இழுக்கும். அந்தாண்ட பாருங்க."

அவர்கள் அந்தாண்டைதான் பார்த்தார்கள். கலங்கலில் தேடினார்கள், அதற்குக் கீழே ஓடையில் முள்ளுக்குள் தேடினார்கள். பிறகு முடிச்சூர்ப் பக்கம் வீடுகள் மூழ்குகின்றன என்று போன் வந்ததும் கிளம்பிவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கப் போகிறோம் என்று அவர்கள் சொன்னது எங்கள் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அங்கேயே மண்ணை வாரித் தூற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் ஒரு சட்டம் போட்டாள். "வண்டிதான் கெடச்சிது. ஆளு கெடைக்கல. எம்புள்ள நீஞ்சிக் கரையேறி எங்கியோ போயிருக்கான். அவன் வர்ற வரைக்கும் இந்த வூட்ல ஒருத்தரும் அழக்கூடாது." அண்ணியின் முகவாயைப் பிடித்துத் தூக்கிச் சொன்னாள். "நீ அழவே கூடாது. தாலி கட்டிக்கினவ அழுதா அவனுக்கு ஆவாது."

அண்ணி சரி அத்தை என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அம்மாவே அண்ணிக்குத் தலை வாரிப் பூ வைத்து நெற்றியில் குங்குமம் இட்டாள். சாயங்காலம் ஆனால் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்காருவார்கள். அவர்கள் கண் அண்ணியின் நெற்றியிலும் கழுத்திலும்தான் இருக்கும். ஒருத்தி போகிற போக்கில் இன்னொருத்தியிடம் சொன்னாள், "இன்னாடி இவ, சொட்டுக் கண்ணீரு இல்ல. கல்லு மாரி ஒக்காந்துகினு கீறா." அண்ணிக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. அண்ணி எழுந்து போய் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

வாலாஜாபாத்திலிருந்து அவளுடைய அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, பொண்ணைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு போகிறேன் சம்பந்தி என்றார். அம்மா விடவில்லை. "அவன் வந்து எம்பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்றாள். அந்த மனிதர் செருப்போடு அப்படியே திரும்பி நடந்தார். அண்ணி அவரைப் பஸ் ஏற்றக்கூடப் போகவில்லை. போனால் அழுதுவிடுவோம் என்று பயந்திருப்பாள். அவள் சுமங்கலியாகவும் இல்லை, தாலி அறுத்தவளாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவளை நிற்கவைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அப்பா அம்பாசிடரின் பானட்டைத் திறந்தார். படகு ஒன்று செய்து ஏரி முழுக்கத் தானே தேடப் போவதாகச் சொன்னார்.

எங்கள் மாடி ரூமில் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். என் அண்ணனோடு ஒரே லைனில் வேலை, ஒரே தட்டில் சாப்பாடு. கடல்கரைக் குடும்பம், படகு அவருக்குப் புதிதில்லை. கோவளத்துக் கரையில் யாரோ கழித்துப் போட்டிருந்த பைபர் படகை ஷிப்ட் முடிந்த கையோடு போய் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான். என் அண்ணன் அப்பாவை அப்பா என்று கூப்பிட்டதால் அவரும் அப்படியே கூப்பிடுவார்.

"அப்பா, எதுக்குக் காரப் பிரிக்கீய? எங்கூருக்கு ஒரு போன் போட்டாப் போதும். படகுக்குப் பின்னால மாட்டுத அவுட்போர்டு இன்ஜின மச்சான் பஸ்ல ஏத்தி விட்ருவான். நாளைக்கே எறக்கித் தேடிரலாம்லா."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "அது உப்புத் தண்ணி இன்ஜினு. நம்ம ஏரிக்கு நம்ம வண்டிதான் ஓடணும்."

"எந்தத் தண்ணியில வேணாலும் ஓடும்ப்பா."

"நான் செய்றேன்றேன் இல்ல. நீ போய்ச் சாப்புடு."

பையனை இழந்தவன், அந்த வண்டியில் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், அந்த இன்ஜினே அவனைத் தேடட்டும் என்று நினைக்கிறான் என ஊர் உருகியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நாளைக்கே தேடலாம் என்று ஒருவர் சொல்ல, ஒரு மனிதன் வேண்டாம் என்கிறானே, அது ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று சவுக்குக் கட்டைகளைக் கூம்பாக நிறுத்தி, செயின் மாட்டி, இன்ஜினைத் தூக்கினார்கள். உங்கள் கூட்டம் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒரகடம் கூட்டுரோட்டு வெல்டிங் பட்டறையில், படகுக்குள் இன்ஜின் உட்கார இரும்புச் சட்டம் அடித்தார்கள். காரின் பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை வெட்டிக் குறுக்கி, படகின் பின்னால் தண்ணீரைத் தள்ளும் விசிறியோடு சேர்த்தார்கள். அதையெல்லாம் மாடி ரூம் அண்ணன் பார்த்துக்கொண்டார். அப்பா அதில் தலையிடவில்லை. இன்ஜின் சூடாகாமல் பார்க்கும் வேலைக்கு மட்டும் யாரையும் கிட்டே விடவில்லை.

ரேடியேட்டரை அவர் தூக்கிப் போட்டுவிட்டார். ஏரியே இருக்கும்போது ரேடியேட்டர் எதற்கு என்றார். வயலில் பம்ப்செட் ஓட்டியவர் அவர். கிணற்றில் வால்வு வைத்த குழாயை இறக்கி, அந்தத் தண்ணீரையே இன்ஜினுக்குள் விட்டு, சூட்டோடு வெளியே தள்ளுகிற முறைதான் அவருக்குத் தெரியும். அதையே இங்கும் செய்தார். ஒரு குழாய் படகுக்கு வெளியே ஏரித் தண்ணீரில் தொங்கும். இன்னொரு குழாய் வழியாக வெந்நீர் ஏரியிலேயே கொட்டும். ஆனால் கார் இன்ஜினின் பம்ப் தானாகத் தண்ணீரை இழுக்காது, குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். கிளப்புவதற்குள் வால்வு வழியாக ஒழுகிப்போகும். அதற்குத்தான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இருக்கிறதே. வால்வின் இடுக்கு அடைபட, அப்பா ஒரு வாளியில் சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றினார்.

மாடி ரூம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏய் அப்பா, கார் இன்ஜினுக்குள்ள சாணிய ஊத்துதீய? உள்ள சின்னச் சின்ன ஓட்டைல்லா இருக்கு. அடைச்சிரும்ப்பா."

"வால்வு இறுவணும்னா சாணிதான். எத்தினி வருசம் மோட்டாரு ஓட்டிருக்கேன்."

"கிணத்துல தூசி கிடையாது. ஏரி பூரா ஆகாயத்தாமரை. ஒரு சல்லடையாவது கட்ட விடுங்க."

கொசுவலையை வெட்டிக் குழாய் முனையில் கட்டிவிட்டார். தண்ணீர் வேகம் குறைகிறது என்று அப்பா அதை மறுநாளே அவிழ்த்துவிட்டார்.

படகை ஏரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் குழாயைத் தண்ணீர் டிரம்மில் விட்டு, இன்ஜினை வீட்டு வாசலில் வைத்தே ஓட்டிப் பார்த்தார்கள். சைலன்சர் கிடையாது. வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. கருப்புப் புகை மல்லிகைப் பந்தல்வரை எழும்பியது. நான் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினேன். குளியலறையின் தகரக் கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே அண்ணி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் வாய் முழுசாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை. இன்ஜினை அணைத்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள். முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்து, என்னைப் பார்த்து, "இன்னாடி, பசிக்குதா?" என்றாள்.

அன்றிலிருந்து அப்பா எப்போது இன்ஜினை முடுக்கினாலும் அண்ணி கொல்லைக்குப் போனாள். நான் போய்க் கதவுக்கு முன்னால் காவல் நின்றேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு அவளுக்காகச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

படகு தண்ணீரில் இறங்கிய அன்று ஊரே கரையில் நின்றது. படகு ஓடியது. கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. அப்பா முன்னால் நின்று கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே போக, மாடி ரூம் அண்ணன் இன்ஜினைப் பார்த்துக்கொண்டார். தினமும் போனார்கள். கருவேலங்காட்டுப் பக்கம் தேடினார்கள், கலங்கல் பக்கம் தேடினார்கள், எதிர்க்கரையில் கம்பெனி மதிலை ஒட்டித் தேடினார்கள். அப்பாவின் உள்ளங்கை கழி பிடித்துப் பிடித்து வெந்துபோனது. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டார். அவரைப் போல ஒரு தகப்பன் கிடைப்பானா என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

படகு ஏரிக்குப் போன பிறகு வீட்டில் சத்தமில்லை. அண்ணிக்கு அழ இடமில்லாமல் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. ஒருநாள் அப்பாவிடம் போய், "மாமா, நானும் படகுல வர்றேன்" என்றாள். அம்மாவே அதிர்ந்துவிட்டாள். வீட்டு மருமகள் ஏரியில் போய்த் தேடுவதா என்று தெரு பேசியது. ஆனால் அப்பா சரி என்றார். அவர் கழியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணி பின்னால் இன்ஜினை ஒட்டி உட்கார்ந்துகொண்டு போனாள். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் முதுகுதான் தெரியும். அந்த முதுகு எதற்காகக் குலுங்குகிறது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் இன்ஜின் உதறுகிறது என்று நினைத்தார்கள்.

கடைசி நாள் மாடி ரூம் அண்ணன் மாற்று ஆள் கிடைக்காமல் வேலைக்குப் போய்விட்டார். அப்பாவும் அண்ணியும் மட்டும் படகில். வாடைக்காற்று நன்றாக அடித்தது. அம்மா தூக்கில் சோறு எடுத்துக்கொண்டாள். நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து மதகுக்குப் பக்கத்தில் இருந்த புங்கமரத்தடியில் நானும் அவளும் உட்கார்ந்தோம். அங்கே ஆகாயத்தாமரை காற்றில் ஒதுங்கி, நடந்து போகலாம் என்பதுபோல அடர்த்தியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் படகு ஒருநாளும் வந்ததில்லை. செடியில் விசிறி சிக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஏரி நடுவில் இன்ஜின் சத்தம் மாறியது. முதலில் இருமியது. பிறகு இரும்பும் இரும்பும் தேய்கிற ஒரு சத்தம் வந்தது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. சாணியும் ஆகாயத்தாமரை வேருமாகச் சேர்ந்து உள்ளே அடைத்துவிட்டிருந்தன என்பதை அப்புறம் இன்ஜினைப் பிரித்தபோது பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அது இறுகி நின்றுவிட்டது. ஏரி முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் போனது.

படகு மெல்லத் திரும்பியது. மேலே காற்றும் கீழே மதகின் இழுப்பும் சேர்ந்து அதை எங்கள் பக்கமாகக் கொண்டுவந்தன. அம்மா எழுந்து நின்று கையைக் காட்டினாள். அப்பா கழியை ஊன்றித் தள்ளினார். கரைப்பக்கம் தள்ளவில்லை, நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து விலகிப் போகத் தள்ளினார். ஆழத்தில் கழி நிலைகொள்ளவில்லை. மறுபடியும் மறுபடியும் ஊன்றினார். வெந்த கையோடு அப்படி ஏன் போராடுகிறார் என்று எனக்குப் பதைத்தது.

படகு செடியில் முட்டி நின்றபோது, கூப்பிடு தூரம்கூட இல்லை. சாதாரணமாகப் பேசினாலே எங்களுக்குக் கேட்டது.

"மாமா, இன்னாத்துக்கு அந்தாண்ட தள்றீங்க? அத்த இங்க நிக்கிறாங்களே."

"இங்க வாணாம்மா."

"ஏன் மாமா?"

அப்பா கழியைத் தண்ணீரிலிருந்து உருவினார். பிறகு அதைப் படகுக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் குரல் எங்கள் அப்பாவின் குரலைப்போல இல்லை.

"இங்கதாம்மா இருப்பான். மதகு தொறந்திருந்தா ஏரில வுழுந்தது எதுவும் இங்கதான் வரும். மொத நாளே தெரியும் எனக்கு. நான்தான தொறந்தேன்."

அம்மாவின் கையிலிருந்த தூக்கு சரிந்து சோறு கரையில் கொட்டியது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

தேடுகிறேன் என்று எங்கள் அப்பா இத்தனை நாளும் தேடாமல் இருந்திருக்கிறார். அதற்காகத்தான் காரைப் பிரித்தார், அதற்காகத்தான் அவுட்போர்டு வேண்டாமென்றார். தான் திறந்த மதகடியில் மகனைப் பார்க்கிற நாளை ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டார். அந்த ஒவ்வொரு நாளும் அண்ணி அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்க்க எனக்கு இந்த வயதிலும் தெம்பில்லை. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

படகு முட்டியதில் செடிக் கூட்டம் பிளந்து கொஞ்சம் விலகியிருந்தது. பச்சைக்கு நடுவில் கம்பெனி நீலம் தெரிந்தது. அதை முதலில் பார்த்தது அண்ணிதான். அவள் எழவில்லை, கத்தவில்லை. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கிற பிள்ளையைப்போல, மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாமா, இப்ப நான் அழுவலாமா?"

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அண்ணி காத்திருந்தாள். நிமிர்ந்து கரையில் நிற்கும் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகக்கூட இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் செடியை விலக்கிக்கொண்டு படகை நோக்கி இறங்கினாள்.

"அழுவு கண்ணு" என்றாள். "அழுவு. இனிமே இன்னா கீது."